நாள்பட நின்ற பழைய படகு எஞ்சினை இயக்குதல்: முழுமையான வழிகாட்டி

வாடைக்காற்று தணிந்து கடல் அடங்கத் தொடங்கும் தை, மாசி மாதங்களில், இலங்கையின் வடக்கே செம்மலையிலிருந்து சாலை வரையுள்ள முல்லைத்தீவுக் கரையோரத்தில், மழைக்காலம் முழுவதும் வீட்டுத் தாழ்வாரத்திலோ மீன்வாடியின் மூலையிலோ சாய்த்து வைக்கப்பட்டிருந்த எஞ்சின்கள் மீண்டும் படகின் பின்பலகைக்கு வருகின்றன. மேற்கே நாச்சிக்குடா, வலைப்பாடு பக்கத்தில் சோளகம் கடுமையாக வீசி ஓய்ந்த பிறகு இதே வேலை நடக்கும். மாதங்கள் மாறினாலும் சிக்கல் ஒன்றுதான். போன பருவத்தில் ஒரே இழுப்பில் பற்றிய எஞ்சின் இப்போது தோள் வலிக்க இழுத்தும் பற்றுவதில்லை.

காபரேற்றர் (எரிபொருளைக் காற்றுடன் கலக்கும் பகுதி) பொருத்தப்பட்ட, கயிறு இழுத்து இயக்கும், ஈரடிப்பு (டூ-ஸ்ட்ரோக்) வெளியிணைப்பு எஞ்சின்களைப் பற்றியே இங்கு எழுதுகிறேன். 8 குதிரைவலு முதல் 40 குதிரைவலு வரையுள்ள பழைய யமஹா, சுசுகி போன்றவை இந்த வகையைச் சேர்ந்தவை. பெற்றோலில் ஓடுபவையும் மண்ணெண்ணெயில் ஓடுபவையும் இதில் அடங்கும்.

எஞ்சின் பற்றாதபோது பலருடைய கை முதலில் போவது காபரேற்றரின் பக்கத்திலுள்ள திருகாணிக்கு. இதைத்தான் நான் அழுத்தமாக மறுக்கிறேன். அந்தத் திருகாணி இருந்த இடத்திலேயே இருக்க, எஞ்சின் போன பருவம் முழுவதும் ஓடியது. அது தானாகத் திரும்பியிருக்காது. இடைப்பட்ட மாதங்களில் மாறியவை வேறு: எரிபொருள் பழசாகியிருக்கும், றப்பர் வெடித்திருக்கும், மின் இணைப்புகளில் உப்புப் பூத்திருக்கும், நுண்துளைகள் அடைத்திருக்கும். ஆகவே கயிற்றை இழுப்பது வேலையின் தொடக்கமாக அல்ல, கடைசிப் படியாகவே இருக்க வேண்டும். அதற்கு முன்னுள்ள படிகளை ஒழுங்கு மாறாமல் செய்தால், பெரும்பாலான எஞ்சின்கள் காபரேற்றரைத் தொடாமலேயே பற்றிவிடும்.

கரையில், பரலில் தொடங்குங்கள்

நாள்பட நின்ற எஞ்சினை முதன்முதலாகக் கடலில் இயக்கிப் பார்ப்பது சரியல்ல. கரை உடைவைத் தாண்டும் அந்தச் சில நிமிடங்களில் எஞ்சின் நின்றால் படகு குறுக்கே திரும்பும். குறுக்கே திரும்பிய படகை அடுத்த அலை கவிழ்த்துவிடும். உறுதியான மரச்சட்டம் ஒன்றில் எஞ்சினைப் பொருத்தி, அடிப்பகுதியைத் தண்ணீர் நிரப்பிய பரலுக்குள் இறக்குங்கள். புரொப்பெல்லருக்கு மேலே கிடையாக இருக்கும் தட்டு நன்றாக மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் வேண்டும். கிணற்று நீரே நல்லது, உள்ளே படிந்த உப்பும் கரையும். புரொப்பெல்லரைக் கழற்றி வைத்துவிட்டால், தவறிக் கியர் விழுந்தாலும் பரல் உடையாது, கையும் தப்பும்.

தண்ணீர் இல்லாமல் “ஒருக்காப் பற்றவைத்துப் பார்ப்பம்” என்று இயக்குவது மிகப் பெரிய கேடு. குளிர்நீரை மேலே தள்ளும் இம்பெல்லர் றப்பரால் ஆனது. அதற்கு வழுவழுப்புக் கொடுப்பதும் அந்த நீரே. வறண்ட நிலையில் சில விநாடிகள் சுற்றினாலே சிறகுகள் கருகத் தொடங்கும்.

மூடியைக் கழற்றியதும் முதலில் கண்ணால் பாருங்கள். எலி கடித்த வயர், பச்சை பூத்த இணைப்பு, வெடித்த ரியூப் ஆகியவற்றைத் தேடுங்கள். குளிர்நீர் வெளியேறும் சிறு துளையைக் கட்டாயம் பார்க்க வேண்டும். மாதக்கணக்கில் சும்மா நிற்கும் எஞ்சினின் இந்தத் துளைக்குள் குளவி மண் வைத்துக் கூடு கட்டுவதை வன்னியில் அடிக்கடி காணலாம். மணலில் படகை இழுத்து ஏற்றும் கரைகளில் அது மணலாலும் அடைக்கும். தடித்த தங்கூசி (நைலோன்) நரம்பில் ஒரு துண்டை உள்ளே செலுத்தி அசைத்தால் இரண்டும் வந்துவிடும். கம்பி பயன்படுத்தினால் உட்சுவர் கீறுப்படும்.

பிறகு பொறி தரும் இரண்டு பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் ஒரு தேக்கரண்டி ஈரடிப்பு ஒயிலை விட்டு, கயிற்றை மிக மெதுவாக இழுத்துப் பாருங்கள். கயிறு சுழற்றும் சக்கரமான பிளைவீல் தடையில்லாமல் சுற்ற வேண்டும். சுற்றவில்லையென்றால் பலம் பிரயோகிக்காதீர்கள். துருநீக்கும் ஒயிலை விட்டு ஓரிரு நாள் ஊற விடுங்கள். கியர்ப்பெட்டியின் கீழ்த் திருகாணியைச் சற்றுத் தளர்த்தி வரும் ஒயிலையும் பாருங்கள். அது பாற்கோப்பி போல் வெளிறியிருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. தண்ணீரைத் தடுக்கும் றப்பர் வளையத்தை (சீல்) மாற்றாமல் கடலுக்குப் போகக்கூடாது. கியர் ஒயிலை மாற்றும்போது கீழ்த் துளையால் ஏற்றி, மேல் துளையால் வழிந்த பின்பே மூட வேண்டும். மேலிருந்து ஊற்றினால் காற்று உள்ளே தங்கிவிடும்.

எரிபொருள்

பற்றாத எஞ்சின்களில் பெரும்பகுதிக்குக் காரணம் இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். பெற்றோலில் எளிதாகப் பற்றும் பகுதி முதலில் ஆவியாகிப் போகும். மிஞ்சுவது பிசினாக மாறும். பல மாதம் நின்ற பெற்றோல் வார்னிஷ் போலப் புளித்து மணக்கும். அந்த மணம் வந்தால் அதை நம்பிக் கயிற்றை இழுப்பதில் பயனில்லை. 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக ஒரே நாளில் உயர்ந்த பிறகு, தாங்கியில் மிஞ்சிய எதையும் கொட்ட மனம் வராது என்பது எனக்கும் விளங்கும். ஆனாலும் முதல் இயக்கத்துக்குப் புதிய எரிபொருளே வேண்டும். எஞ்சின் சீராக ஓடிய பிறகு, பழையதில் தெளிவாக இருப்பதைச் சிறிது சிறிதாகப் புதியதுடன் கலந்து தீர்த்துக்கொள்ளலாம்.

தாங்கியின் அடியிலிருந்து ஒரு கண்ணாடிப் போத்தலில் கொஞ்சம் எடுத்துச் சில நிமிடம் வையுங்கள். தண்ணீர் இருந்தால் கனத்தால் கீழே இறங்கி, ஒரு கோடு போட்டதுபோல் பிரிந்து நிற்கும். பெற்றோலும் மண்ணெண்ணெயும் அதன் மேலே மிதக்கும். உப்புக்காற்றும் மழையும் மாறிமாறி அடிக்கும் கரையில், மூடி சரியாக இறுகாத தாங்கிக்குள் தண்ணீர் சேருவது சாதாரணம்.

ஈரடிப்பு எஞ்சினுக்குத் தனி ஒயில் அறை கிடையாது. கலந்த ஒயில்தான் அதன் உயிர். பெரும்பாலான பெற்றோல் எஞ்சின்களுக்கு 50-க்கு 1 என்ற கலவை பொருந்தும். அதாவது லீற்றருக்கு 20 மில்லிலீற்றர், 5 லீற்றருக்கு 100, 20 லீற்றருக்கு 400. மண்ணெண்ணெய் வகைகளுக்கும் மிகப் பழைய வகைகளுக்கும் அளவு வேறுபடும். எஞ்சினுடன் வந்த கையேட்டில் அல்லது அதன் மேல் ஒட்டிய குறிப்பில் என்ன அளவு இருக்கிறதோ அதுவே இறுதியானது. ஒயில் போத்தலில் டி.சி.-டபிள்யூ.3 என்ற குறி இருக்க வேண்டும்; நீரால் குளிரூட்டப்படும் ஈரடிப்பு எஞ்சினுக்கென வகுக்கப்பட்ட தரம் அது. மோட்டார் சைக்கிளுக்கு விற்கும் ஈரடிப்பு ஒயில் இதற்கு மாற்றாகாது. கலக்கும்போது பாதி எரிபொருளை விட்டு, ஒயிலை ஊற்றி, நன்றாகக் குலுக்கி, மிச்சத்தை நிரப்புங்கள். ஒயிலை மேலே ஊற்றிவிட்டு அப்படியே விட்டால் அது அடியில் தங்கி, முதல் இழுப்பிலேயே பிளக்கை நனைத்துவிடும்.

மண்ணெண்ணெய் எஞ்சின் குளிர்ந்த நிலையில் மண்ணெண்ணெயில் பற்றாது. மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாவதில்லை என்பதே காரணம். அதனால்தான் இந்த எஞ்சின்களுக்குச் சிறிய பெற்றோல் தாங்கி ஒன்றும் மாற்றும் குழாய்ப்பூட்டும் உண்டு. பெற்றோலில் பற்றவைத்து, சூடேறிய பின்பே மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். சிறிய தாங்கியின் பெற்றோலிலும் ஒயில் கலந்திருக்க வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

1990-க்குப் பின் போர்க்காலப் பொருளாதாரத் தடையில் பெற்றோல் கிடைக்காத ஆண்டுகளில், மண்ணெண்ணெயில் ஓடிய வாகனங்களின் காபரேற்றருக்குள் சிறு போத்தலால் சில துளி பெற்றோல் விட்டுப் பற்றவைத்த கைகள் இன்றும் வன்னியில் இருக்கின்றன. வேறு வழியில்லாத காலத்தில் பிறந்த அந்தத் திறமையை நான் மதிக்கிறேன். ஆனால் படகு எஞ்சினில் அதைச் செய்ய வேண்டாம். ஒயில் கலக்காத வெறும் பெற்றோல் சிலிண்டர் சுவரிலுள்ள ஒயிற்படலத்தைக் கழுவிவிடும். எஞ்சின் பின்வாங்கி அடித்தால் திறந்த காபரேற்றர் வாயால் தீ வெளியே வரும். பக்கத்தில் தாங்கியும் காய்ந்த வலையும் இருக்கும்.

தாங்கியிலிருந்து எஞ்சின் வரை

தாங்கி மூடியிலுள்ள காற்றுத் திருகாணியைத் திறந்துவிடுங்கள். அது மூடியிருந்தால் எஞ்சின் பற்றிச் சில நிமிடம் ஓடி நின்றுவிடும். ரியூப்பின் நடுவிலுள்ள கைப்பம்பில் அம்புக்குறி இருக்கும், அது எஞ்சினை நோக்கியிருக்க வேண்டும். எஞ்சின் பக்க முனை மேலே இருக்கும்படி பிடித்து, கைக்குள் இறுகும் வரை அமுக்குங்கள். இந்தப் பம்ப் உங்கள் கைக்குப் பல செய்திகளைச் சொல்லும். எவ்வளவு அமுக்கியும் இறுகவில்லையென்றால் ஏதோ ஓர் இணைப்பால் காற்று இழுக்கிறது, அல்லது பம்பினுள் இருக்கும் வால்வு பழுதாகியிருக்கிறது. இறுகாமலேயே காபரேற்றரால் எரிபொருள் வழிந்தால், அங்கு எரிபொருளைத் தடுத்து நிறுத்தும் ஊசி வால்வு மூடவில்லை. நன்றாக இறுகியும் காபரேற்றர்க் கிண்ணம் வறண்டிருந்தால், அதே ஊசி பிசினில் ஒட்டி மூடிய நிலையில் நிற்கிறது.

பிளக்கும் பொறியும்

பிளக்கின் முனையைத் துடைத்து, இடைவெளியைப் பாருங்கள். என்.ஜி.கே. பிளக்குகளில் எண்ணின் கடைசியில் 10 என்று பிரித்து எழுதியிருந்தால் இடைவெளி 1.0 மில்லிமீற்றர் என்று பொருள். அதே எண்ணுள்ள பிளக்கையே வாங்க வேண்டும்; கடையில் இருக்கும் எதையாவது பூட்டுவது பிஸ்ரனுக்கு ஆபத்து.

பொறியைச் சோதிக்க, இரண்டு பிளக்குகளையும் வயர்த் தொப்பிகளில் செருகி, அவற்றின் உலோக உடல் எஞ்சின் உலோகத்தில் நன்றாகத் தொடும்படி வைத்துக் கயிற்றை இழுங்கள். ஒன்றை மட்டும் தொடவைத்து மற்றதைத் தொங்கவிட்டால், போக வழியில்லாத உயர் மின்னழுத்தம், பொறிக்கு மின்சாரம் தரும் சி.டி.ஐ. பெட்டியைப் பழுதாக்கலாம். பிளக் துளைக்கு அருகில் இதைச் செய்யாதீர்கள், துளையால் வரும் ஆவி பற்றும். நிழலில் பார்த்தால் நீலநிறத்தில் சட்டென்று பாயும் பொறி தெரிய வேண்டும். மஞ்சளாக, மெலிந்து வந்தால் அது போதாது.

இரண்டிலும் பொறியே இல்லையென்றால், எதையும் கழற்றுமுன் நிறுத்தும் சுவிச்சைப் பாருங்கள். ஓட்டுபவர் கையில் கட்டும் கயிற்றின் முனையிலுள்ள பூட்டு அதன் இடத்தில் இருக்கிறதா? சுவிச்சுக்குள் உப்புச் சேர்ந்து, எப்போதும் நிறுத்திய நிலையிலேயே நிற்கிறதா? சுவிச்சின் வயரைத் தற்காலிகமாகப் பிரித்ததும் பொறி வந்தால் குற்றம் சுவிச்சில்தான். இதைப் பரலில் சோதனையாக மட்டும் செய்யுங்கள். சுவிச்சு இல்லாத எஞ்சினைச் சோக்கை (காற்று வழியை அடைக்கும் பிடி) இழுத்துத்தான் நிறுத்த முடியும், அதை நம்பிக் கடலுக்குப் போகக்கூடாது.

பிளக்கைத் திரும்பப் பூட்டும்போது முதற் சுற்றுகளைக் கையாலேயே திருகுங்கள். தலைப்பகுதி அலுமினியம், ஸ்பனரால் கோணலாகத் தொடங்கினால் மரை அழிந்துவிடும்.

இழுக்கும் முறை

இப்போதுதான் கயிறு. கியர் நியூற்றலில் இருக்கட்டும். பிடியிலுள்ள, வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திறொட்டிலைத் தொடக்கக் குறிக்குத் திருப்புங்கள். எஞ்சின் குளிர்ந்திருந்தால் சோக்கை முழுவதும் வெளியே இழுங்கள். சற்று முன்னர் ஓடிச் சூடாக இருந்தால் சோக் வேண்டாம். உங்களுக்குப் பின்னால், கைமுட்டி போகும் தூரத்தில், ஒருவரும் நிற்கக்கூடாது.

கயிற்றை மெதுவாக இழுத்தால், ஓரிடத்தில் உள்ளே பல் கவ்வுவதைக் கை உணரும். அதன் பின் சிலிண்டரின் அமுக்கம் எதிர்த்து நிற்கும். அந்த இடம் வரை மெதுவாக வந்து, அங்கிருந்து முழங்கையை மடக்கி, ஒரே மூச்சில் நீட்டமாக இழுக்க வேண்டும். கவ்வுமுன் வெடுக்கென்று இழுப்பதே கயிறு அறுவதற்கும் பல் உடைவதற்கும் காரணம். கயிற்றைக் கையிலிருந்து விட்டுவிடாமல் கூடவே கொண்டுபோய் உள்ளே விடுங்கள்.

மூன்று நான்கு இழுப்புக்குள் ஒருமுறை “புர்” என்று அடித்து நிற்கும். அது நல்ல குறி. உடனே சோக்கைப் பாதியளவு உள்ளே தள்ளி மீண்டும் இழுங்கள். முழுச் சோக்கிலேயே தொடர்ந்து இழுத்தால் எரிபொருள் மிஞ்சிப் பிளக்குகள் நனைந்துவிடும். அப்படி நனைந்தால் ரியூப்பைப் பிரித்து, சோக்கை முழுவதும் உள்ளே தள்ளி, திறொட்டிலை முழுவதும் திறந்து, ஐந்தாறு முறை இழுத்து உள்ளிருப்பதை வெளியேற்றுங்கள். இடையில் பற்றினால் எஞ்சின் உச்ச வேகத்துக்குப் பாயும், ஆகவே ஒரு கை திறொட்டிலிலேயே இருக்கட்டும்.

பற்றியதும் முதலில் பார்க்க வேண்டியது சத்தத்தை அல்ல, குளிர்நீர்த் துளையை. சில விநாடிகளில் அதிலிருந்து நீர் பீறிட வேண்டும். வராவிட்டால் உடனே நிறுத்துங்கள். வந்தால், சோக்கைச் சிறிது சிறிதாக உள்ளே தள்ளி, ஐந்து நிமிடம் குறைந்த வேகத்தில் ஓட விடுங்கள். மண்ணெண்ணெய் எஞ்சினை அதன் பிறகே மாற்றலாம். மாற்றியதும் இருமுவதுபோல் தடுமாறினால் இன்னும் சூடு போதவில்லை என்று பொருள்.

பற்றாவிட்டால்

இழுத்தவுடன் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நனைந்திருந்தால் எரிபொருள் வருகிறது, தேட வேண்டியது பொறியை. வறண்டிருந்தால் எரிபொருளே வரவில்லை. கைப்பம்பை ஒருவர் அமுக்கிக்கொண்டிருக்கும் வரை ஓடி, விட்டதும் நின்றால், எஞ்சினிலுள்ள எரிபொருள் பம்பின் மென்தகடு கிழிந்திருக்கிறது. அந்தத் தகடு மலிவானது, மாற்றுவதும் கடினமன்று. சோக் இழுத்தால் மட்டும் ஓடுகிறது, தள்ளினால் நிற்கிறது என்றால்தான் காபரேற்றருக்குப் போக வேண்டும்.

அப்போதும் முதலில் கிண்ணத்தின் அடித் திருகாணியைத் திறந்து, உள்ளிருப்பதை ஒரு வெள்ளைக் கோப்பையில் பிடியுங்கள். தண்ணீர் இருந்தால் வெள்ளை அடியில் முத்துப்போல் உருண்டோடும். தேன்நிறப் பிசின் ஒட்டிக்கொண்டு வந்தால் முழுவதும் கழற்றித்தான் ஆக வேண்டும். கழற்றுமுன் கைத்தொலைபேசியில் நான்கு பக்கமும் படம் எடுத்து வையுங்கள். பக்கத் திருகாணியை உடனே வெளியே எடுக்காமல், உள்நோக்கி மெதுவாக முட்டும் வரை திருப்பி, எத்தனை சுற்று என்று எண்ணி எழுதி வைத்த பிறகு எடுங்கள். பூட்டும்போது அதே எண்ணிக்கைக்கு வெளியே திருப்ப வேண்டும்.

கிண்ணத்தைத் திறந்ததும் மிதவையும் அதன் ஊசியும் தெரியும். எரிபொருள் போகும் நுண்துளையுள்ள பித்தளைத் துண்டுகளே ஜெற்: நடுவில் பெரிய ஜெற், பக்கத்தில் சிறிய ஜெற். அடைபடுவது பெரும்பாலும் சிறியதே. அதை வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தால் ஊசிமுனையளவு வெளிச்சம் வட்டமாகத் தெரிய வேண்டும். வட்டம் பிறைபோல் குறைந்திருந்தாலும் அது அடைப்புத்தான். காபரேற்றர் கழுவும் திரவத்தில் ஊறவைத்து, காற்றால் ஊதுங்கள். இரும்புக் கம்பியால் குத்தாதீர்கள். பித்தளை மென்மையானது, துளை ஒரு மயிரளவு பெருத்தாலும் கலவை மாறிவிடும். மிதவையைக் காதருகே குலுக்கிப் பாருங்கள், உள்ளே எரிபொருள் சலசலத்தால் அது ஓட்டை. ஊசியின் றப்பர் முனையில் வளையம்போல் பள்ளம் விழுந்திருந்தால் மாற்றுங்கள். வோஷர்களைப் புதிதாகவே போடுங்கள்.

கடலில் கயிறு அறுந்தால்

படகில் எப்போதும் ஒரு பிளக் ஸ்பனர், இரண்டு புதிய பிளக்குகள், ஒரு திருப்புளி, கைப்பிடி கட்டிய ஒன்றரை மீற்றர் கயிறு ஆகியவற்றை ஈரம் படாமல் வைத்திருங்கள். இழுவைக் கயிறு அறுந்தால் மேலுள்ள சுருள் மூடியைக் கழற்றி, கயிற்றின் முடிச்சைப் பிளைவீலின் வெட்டில் மாட்டி, வலஞ்சுழியாகச் சுற்றி இழுக்கலாம். இப்படி இயக்கும்போது கியரில் பற்றாமல் தடுக்கும் பாதுகாப்பு வேலை செய்யாது. ஆகவே நியூற்றலில் இருக்கிறதா என்று இரு முறை பாருங்கள். சட்டையின் நுனியும் கழுத்துத் துவாயும் பிளைவீலுக்கு அருகே வரக்கூடாது. மிதவை அங்கியை இந்த வேலைக்காகக் கழற்றி வைக்க வேண்டாம்.

நிறுத்தும் முறை

அடுத்த நாள் எஞ்சின் எப்படிப் பற்றும் என்பதை இன்று அதை நிறுத்தும் விதமே முடிவு செய்கிறது. மண்ணெண்ணெய் எஞ்சினைக் கரை சேருவதற்குச் சில நிமிடம் முன்பே பெற்றோலுக்கு மாற்றிவிடுங்கள். கிண்ணத்தில் மண்ணெண்ணெய் நின்றால் விடியற்காலையில் அது பற்றாது. பல நாள் நிறுத்துவதானால், பரலில் நல்ல நீரில் பத்து நிமிடம் ஓடவிட்டு, ரியூப்பைப் பிரித்து, கிண்ணம் வறண்டு தானாக நிற்கும் வரை விடுங்கள். பிறகு பிளக் துளைகளில் சிறிது ஒயில் விட்டு, கயிற்றை இரண்டு முறை மெதுவாக இழுத்து, பிளக்குகளைப் பூட்டுங்கள். உள்ளே நிற்கும் தண்ணீர் முழுவதும் கீழே வடியும் வரை எஞ்சின் நிமிர்ந்தே நிற்க வேண்டும். அதற்குமுன் படுக்க வைத்தால் புகைப்போக்கில் தங்கிய நீர் சிலிண்டருக்குள் இறங்கிவிடும். படுக்க வைக்கும்போதும் தலைப்பகுதி புரொப்பெல்லரைவிட உயரமாக இருக்கும்படி அதன் கீழே ஒரு பலகையை வையுங்கள்.